பழைய ஹப்பில் புது கேசட்: எங்கே இடிக்கிறது, எதைப் பார்ப்பது

"கியர் சரியா வுழ மாட்டேங்குதுணே" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர், வருவதற்கு முன்பே டீரெயிலரில் (செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளுகிற கருவி) இருக்கிற எல்லா ஸ்க்ரூவையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருவார்கள். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் ஒன்பது கியர் ஹப்பில் (பின்சக்கரத்தின் நடு உருளை) பத்து கியர் கேசட் (பல்சக்கர அடுக்கு) மாட்டியபோது இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே ஸ்க்ரூக்களோடுதான் மல்லுக்கட்டினேன். தண்டையார்பேட்டையில் சரியாக விழுகிற கியர் திருவொற்றியூர் தேரடி போவதற்குள் கலைந்துவிடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கிப் பள்ளத்தில் இறக்கினால் பின்னால் சில்லறைக் காசு குலுங்குகிற மாதிரி ஒரு சத்தம். மூன்றாவது வாரம்தான் காரணம் தெரிந்தது. கேசட் டப்பாவில் வந்த 1 மி.மீ. வளையம் ஒன்றை என் மகள் தன் பொம்மைக்கு ஆரமாகப் போட்டு வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எந்த ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்னாலும் கேசட்டின் பெரிய தட்டை, அதாவது பெரிய பல்சக்கரத்தை, இரண்டு கையாலும் பிடித்து, உள்ளே வெளியே ஆட்டிப் பார்ப்பேன். பழைய ஹப்பும் புது கேசட்டும் சேர்ந்து தருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை டியூனிங் தொல்லைகளே அல்ல. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் கணக்குகள். ஸ்க்ரூவைத் திருகி மில்லிமீட்டரை வரவழைக்க முடியாது.

கீழே உங்கள் சைக்கிள் சொல்கிற புகார் எதுவோ அங்கே போய்ப் படியுங்கள். முதல் புகாரை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

"கேசட் வாங்கிட்டேன், ஆனா அதை மாட்ட எடமே இல்ல"

உங்களிடம் இருப்பது கேசட் ஹப்பே இல்லாமல் இருக்கலாம். அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சைக்கிளில் தொடங்கி, கடையில் தொங்கும் விலை குறைந்த ஏழு கியர் சைக்கிள் வரை பெரும்பாலும் ஃப்ரீவீல்தான். அதில் பல்சக்கரங்களும் கிர்ர் என்று சுற்றுகிற உள் பாகமும் ஒரே கட்டியாக இருக்கும். அந்தக் கட்டி ஹப்பின் மேல் மரையில் முறுக்கி ஏறியிருக்கும். கேசட்டில் அந்தச் சுற்றும் பாகம் ஹப்போடு சேர்ந்தது. அதற்கு ஃப்ரீஹப் என்று பெயர். பல்சக்கரங்கள் மட்டும் வரிப்பள்ளங்களின் மேல் சறுக்கி உட்காரும், லாக்ரிங் ஒன்று மேலே பூட்டும்.

கண்டுபிடிக்க எதையும் கழற்ற வேண்டாம். பல்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றியபடி நடுவில் ரிமூவர் பொருந்துகிற வெட்டுகளைப் பாருங்கள். அவையும் பல்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றினால் கேசட். பல்சக்கரம் மட்டும் சுற்றி அவை அப்படியே நின்றால் ஃப்ரீவீல்.

ஃப்ரீவீல் என்றால் அந்த ஹப்பில் கேசட் ஏறாது. சிம் (இடைவெளி அடைக்கிற மெல்லிய தகடு) போட்டும் ஏறாது, லேத் பட்டறையில் கொடுத்தும் ஏறாது. ஹப்பையோ சக்கரத்தையோ மாற்ற வேண்டும். "எட்டு கியர் ஃப்ரீவீலே வருதே, அதைப் போட்டுக்கலாமே" என்று கேட்பார்கள். வருகிறதுதான், நான் போடச் சொல்வதில்லை. ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்க பால்ரஸ் கட்டிக்கு அடியில் உள்ளே தள்ளி இருக்கும். கட்டி அகலமாக ஆக ஆக, தாங்கல் இல்லாமல் வெளியே நீளும் ஆக்சிலும் நீளமாகும். அரிசி மூட்டை ஏற்றுகிற சைக்கிளில் அந்த ஆக்சில் வளைவதை நிறையப் பார்த்துவிட்டேன். கேசட் ஹப்பில் வலப்பக்க பேரிங் ஃப்ரீஹப்பின் வெளி ஓரத்துக்கே வந்துவிடுகிறது. கேசட்டுக்கு மாறுவதில் எனக்குத் தெரிந்த பெரிய லாபம் இதுதான், கூடுதல் கியர் அதற்கு அப்புறம்.

ஃப்ரீவீலைக் கழற்றுவது தனி வித்தை. மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் அதை இன்னும் இறுக்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. காசிமேடு, ராயபுரம் பக்கத்து உப்புக் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்பேனர் போட்டுக் குதிக்காதீர்கள், ரிமூவரின் பல் உடைந்தால் அப்புறம் கதை முடிந்தது. முதல் நாள் ராத்திரியே மரையோரம் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் ரிமூவரை அதற்கான வெட்டுகளில் உட்காரவைத்து, அது நழுவாதபடி ஆக்சில் நட்டையோ க்விக் ரிலீஸையோ லேசாக அழுத்திப் பூட்டுங்கள். பிறகு ரிமூவரை பெஞ்சு வைஸில் கடிக்கவைத்து, சக்கரத்தைப் படுக்கப் போட்டு, ரிம்மை இரண்டு கையாலும் லாரி ஸ்டீயரிங் மாதிரி பிடித்து இடப்பக்கம் திருப்புங்கள். டக் என்று ஒரு அதிர்வு கைக்கு வரும். உடனே நிறுத்தி நட்டைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் ரிமூவருக்கும் நட்டுக்கும் நடுவில் எல்லாம் இறுகிக்கொள்ளும். அதன்பின் கையாலேயே கழன்று வந்துவிடும்.

"ஃப்ரீஹப் இருக்கு, கேசட் உள்ள எறங்க மாட்டேங்குது"

முதலில் பலவந்தம் பண்ணாமல் பாருங்கள். இன்றைய சாதாரண கேசட்டின் உள்விளிம்பில் ஒரு பல் மட்டும் மற்றதைவிட அகலமாக இருக்கும், ஃப்ரீஹப்பிலும் ஒரு பள்ளம் மட்டும் அகலமாக இருக்கும். இரண்டையும் நேராக வைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். கடைசிச் சின்னத் தட்டில்தான் இதைக் கவனிக்காமல் திணித்துக் கெடுப்பார்கள்.

அகலமான பள்ளமே இல்லை, எல்லாம் ஒரே அளவு என்றால் கையில் இருப்பது பழங்காலச் சரக்கு. ஷிமானோ 1978-ல் ஃப்ரீஹப்பைக் கொண்டுவந்தபோது அப்படித்தான் செய்தது. அதில் லாக்ரிங் கிடையாது. கடைசிச் சின்னப் பல்சக்கரமே மரை வெட்டப்பட்டு, ஃப்ரீஹப்பின் வெளிமரையில் ஏறி மற்றவற்றை அழுத்திப் பிடிக்கும். 1980-களின் கடைசியில் வந்த ஹைப்பர்கிளைடு வகையில்தான் ஒரு பள்ளம் அகலமானது, மரை உள்பக்கம் போனது, லாக்ரிங் வந்தது. ஆகவே ஃப்ரீஹப்பின் வாயில் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே மரை தட்டுப்பட்டால் புது லாக்ரிங் பிடிக்கும். இரண்டு மரையும் உள்ள இடைக்கால ஹப்புகளும் உண்டு, கிடைத்தால் அதிர்ஷ்டம். வெளியே மட்டும் மரை என்றால் புதுத் தட்டுகளின் அகலப் பல்லை அரம் போட்டு ராவி உட்காரவைக்கலாம், ஆனால் பூட்டுவதற்கு அந்தப் பழைய மரைத் தட்டு கையில் இருந்தாக வேண்டும்.

இன்னொரு பக்கம், கேசட் மிகப் புதியதாக இருந்து ஏறாமல் போவதும் உண்டு. சின்னத் தட்டில் 10 பல் என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். பழைய ஃப்ரீஹப்பின் குறுக்களவுக்கு 11 பல்லுக்குக் கீழே லாக்ரிங்கோடு உட்கார இடமில்லை. அதற்காகவே ஸ்ராம் எக்ஸ்டி என்றும் ஷிமானோ மைக்ரோ ஸ்ப்லைன் என்றும் வேறு வடிவங்களைக் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு கியர் வேண்டும் என்று அடம்பிடித்தால் 11 பல்லில் தொடங்குகிற வகைகள் இருக்கின்றன. ஸ்ராம் என்எக்ஸ் ஈகிள் அதில் ஒன்று, பழைய வரிப்பள்ளத்திலேயே ஏறும்.

அலுமினிய ஃப்ரீஹப் என்றால் பழைய தட்டுகள் பள்ளங்களின் ஓரத்தைக் கடித்து வடு ஏற்படுத்தியிருக்கும். எழும்பி நிற்கிற பிசிறை மட்டும் சின்ன அரத்தால் தடவி எடுங்கள். மட்டம் பண்ணுகிறேன் என்று பள்ளத்தையே அகலமாக்கிவிடாதீர்கள்.

"லாக்ரிங் இறுகிடுச்சு, ஆனா கேசட் ஆடுது"

பொம்மை ஆரம் போட்ட கதை இதுதான். ஃப்ரீஹப் நீளமாக இருக்கிறது, தட்டுகளின் மொத்த அகலம் குறைவாக இருக்கிறது. லாக்ரிங் போய் ஃப்ரீஹப்பின் வாயில் முட்டி நின்றுவிடுகிறது, தட்டுகளைத் தொடவே இல்லை. கைக்கு நன்றாக இறுகிவிட்ட மாதிரிதான் தெரியும். ஏமாந்துவிடுவோம்.

லாக்ரிங் போடுவதற்கு முன் ஒரு சோதனை. எல்லாத் தட்டையும் அடுக்கிவிட்டு, கடைசித் தட்டின் மேல் விரல் நகத்தை வைத்து நடுவை நோக்கி இழுங்கள். நகம் தட்டிலிருந்து கீழே ஃப்ரீஹப்பின் மேல் விழ வேண்டும். சமமாக ஓடினாலோ, ஃப்ரீஹப்பின் ஓரம் நகத்தைத் தடுத்தாலோ உள்ளே வளையம் குறைகிறது என்று அர்த்தம்.

எவ்வளவு குறைகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எட்டு, ஒன்பது, பத்து கியருக்கான ஃப்ரீஹப்பில் ஏழு கியர் கேசட் போட்டால் பின்னால் 4.5 மி.மீ. வளையம். அதே ஃப்ரீஹப்பில் ஷிமானோவின் பத்து கியர் ரோடு கேசட் போட்டால் பெரும்பாலும் 1 மி.மீ.; அது டப்பாவிலேயே வரும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதினொரு கியர் ரோடு ஹப்பில் எட்டோ ஒன்பதோ போட்டால் 1.85 மி.மீ. பத்து போட்டால் அதோடு அந்த 1 மி.மீ.யும் சேர வேண்டும். வளையம் எப்போதும் ஸ்போக் பக்கம், பெரிய தட்டுக்குப் பின்னால்தான். ஆடுகிறதே என்று முன்பக்கம் லாக்ரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து வந்த சைக்கிள்களும் இருக்கின்றன. அது இரண்டு நாளில் மரையைத் தின்றுவிடும்.

4.5 மி.மீ. வளையம் கிடைக்கவில்லை என்றால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். பழைய ஃப்ரீஹப்பையே கையோடு எடுத்துப்போய் லேத்துக்காரரிடம் காட்டுங்கள், வாயால் அளவு சொன்னால் அவர் ஒன்று கடைவார், உங்களுக்கு வேறொன்று வேண்டியிருக்கும். உள்பக்கம் வரி வெட்டத் தேவையில்லை, வழவழ வளையம் போதும். இரண்டு முகமும் சமமாக இருப்பதுதான் முக்கியம்.

இறுக்கம் 40 நியூட்டன் மீட்டர் வாக்கில் இருக்க வேண்டும். இறுக்கத்தை அளக்கிற டார்க் ஸ்பேனர் எல்லாரிடமும் இருக்காது. ஒரு அடி நீளக் கைப்பிடியின் நுனியில் 13 கிலோ எடை தொங்குகிற அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கிர்க் கிர்க் என்று நறநறப்பது உடைகிற சத்தம் இல்லை. லாக்ரிங்கின் அடிவரிகள் தட்டின் வரிகளில் ஏறி இறங்குகின்றன, அப்படித்தான் இருக்க வேண்டும்.

"லாக்ரிங் மரையே பிடிக்கல"

மேலே சொன்னதற்கு நேர் எதிர். கேசட் அகலம், ஃப்ரீஹப் குட்டை. ஏழு கியர் ஃப்ரீஹப்பில் எட்டோ ஒன்பதோ போடப் பார்த்திருப்பீர்கள். அல்லது பத்து கியர் ஹப்பில் பதினொரு கியர் ரோடு கேசட். ஒரு சுற்று மரை பிடித்தாலும் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். வியாசர்பாடி மேம்பாலம் ஏறும்போது லாக்ரிங் பிய்த்துக்கொண்டால் பின்னால் வருகிறவர் மேல்தான் விழுவீர்கள்.

வழி மூன்று. முதலாவது, ஒரு தட்டைக் குறைப்பது. எனக்குப் பிடித்த வழி இதுதான், ஏனென்றால் காசு போகாது. ஒன்பது கியர் கேசட்டின் தட்டுகள் நெருக்கமாக இருப்பதால், ஒன்றை எடுத்துவிட்டால் மீதி எட்டும் ஏழு கியர் ஃப்ரீஹப்பில் கச்சிதமாக உட்காரும். தட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கிற மெல்லிய ஆணிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை அடுக்கு கலையாமல் இருக்கத்தான், மிதிக்கிற பளுவைத் தாங்குவது வரிப்பள்ளங்கள். ஆணித் தலையை கிரைண்டரில் சீவிவிட்டால் தட்டுகள் தனித்தனியாக வந்துவிடும். ஆனால் பெரிய தட்டுகள் சிலந்திக்கால் மாதிரி அலுமினியத் தாங்கியில் ரிவிட் அடித்திருந்தால் அவற்றில் கை வைக்காதீர்கள். 11-ல் தொடங்கி 12, 14, 16 என்று போகிற 11-32 கேசட்டில் நான் 12-ஐ எடுப்பேன். சின்னக் கடைசித் தட்டை எடுக்கக் கூடாது, லாக்ரிங் கடிக்கிற வரி அதில்தான் இருக்கிறது. ஷிஃப்டர் (கையால் கியர் மாற்றுகிற லீவர்), செயின் இரண்டும் ஒன்பது கியருக்கானதாக இருக்க வேண்டும். மிஞ்சுகிற ஒரு கிளிக்கை, டீரெயிலர் ஓட்டத்துக்கு எல்லை வைக்கிற லிமிட் ஸ்க்ரூவால் அடைத்துவிடலாம்.

இரண்டாவது, கேசட்டை மாற்றி வாங்குவது. பதினொரு கியர்தான் வேண்டும், ஹப் பத்து கியருடையது என்றால், ஷிமானோவின் 11-34 ரோடு கேசட்டைக் கேளுங்கள். அதன் பெரிய தட்டு ஸ்போக் பக்கம் வளைந்து தொங்குகிற மாதிரி செய்திருப்பதால் பழைய நீளத்திலேயே உட்காரும்.

மூன்றாவது, ஃப்ரீஹப்பையே மாற்றுவது. ஆக்சிலை உருவி எடுத்தால் ஷிமானோ வகையில் பெரும்பாலும் உள்ளே 10 மி.மீ. அலன் கீ போகிற போல்ட் தெரியும். கழற்றி, அதே ஹப்பின் பல்லுக்குப் பொருந்துகிற நீளமான ஃப்ரீஹப்பைப் போட வேண்டும். வேலை அதோடு முடியாது. ஃப்ரீஹப் நீண்ட அளவுக்கு வலப்பக்க ஆக்சிலில் வாஷர் சேர்க்க வேண்டும். இடப்பக்கம் எடுக்க வாஷர் இருந்தால் எடுக்கலாம். அப்புறம் வலப்பக்க ஸ்போக்கை இறுக்கி இடப்பக்கத்தைத் தளர்த்தி, ரிம்மை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

"சக்கரம் ஃப்ரேமுக்குள்ள போவல"

பழைய ஃப்ரேமின் பின்கவை அகலத்தை, அதாவது பின்சக்கரம் உட்காரும் இரண்டு கால்களுக்கு நடு தூரத்தை, அளந்து பாருங்கள். ஐந்து கியர் காலத்தில் 120 மி.மீ., ஆறு ஏழு கியருக்கு 126, பிறகு வந்த ரோடு சைக்கிளுக்கு 130, மலை சைக்கிளுக்கு 135. காந்தம் ஒட்டுகிற இரும்பு ஃப்ரேம் என்றால் 126-ஐ 130 ஆக்குவது பெரிய காரியமில்லை, பக்கத்துக்கு 2 மி.மீ.தான். ஒரே பக்கம் மட்டும் வளையாமல் சீட் குழாயிலிருந்து நூல் பிடித்து இரண்டு பக்கமும் சரிபாருங்கள். அலுமினியத்தையும் கார்பனையும் விரிக்கவே கூடாது. அது இன்று வளையும், என்றைக்காவது உடையும்.

"மூணு கியர் சூப்பரா வுழுது, மீதி கரகரன்னுது"

திருவொற்றியூர்த் தம்பி ஒருவர் இந்தப் புகாரோடு வந்தார். எட்டு கியர் ஷிஃப்டர், ஒன்பது கியர் கேசட். "எல்லாம் ஒரே கம்பெனிதானேணே" என்றார். கம்பெனி ஒன்றுதான், இடைவெளி வேறு. தட்டுக்குத் தட்டு உள்ள தூரம் ஏழு கியரில் 5 மி.மீ., எட்டில் 4.8, ஒன்பதில் 4.34, பத்தில் 3.95. அவருடைய ஷிஃப்டர் ஒவ்வொரு கிளிக்குக்கும் 0.46 மி.மீ. கூடுதலாகத் தள்ளிக்கொண்டிருந்தது. நான்கு கிளிக் போனால் 1.8 மி.மீ. தள்ளிப்போய்விடும், கிட்டத்தட்ட பாதித் தட்டு. கேபிளைத் திருகினால் கரகரப்பு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இடம் மாறும், அவ்வளவுதான். கேசட்டைத் திருப்பிக் கொடுத்து எட்டு வாங்கச் சொன்னேன்.

ஏழு கியர் ஷிஃப்டரும் எட்டு கியர் கேசட்டும் மட்டும் சமாளித்துவிடும். 0.2 மி.மீ. வித்தியாசம், நடுத் தட்டில் சரிசெய்துவிட்டால் இரண்டு ஓரமும் ஓரளவு ஒத்துழைக்கும். கிளிக் இல்லாத பழைய உராய்வு லீவர் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. அவர்கள் எந்த கேசட்டையும் போட்டுக்கொள்ளலாம்.

"புது கேசட் போட்டதிலேருந்து அழுத்தி மிதிச்சா எகிறுது"

கண்ணால் பாருங்கள். செயின் பல்லின் மேல் ஏறிக் குதித்தால் குற்றவாளி பழைய செயின். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள், 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 தாண்டியிருந்தால் அந்தச் செயினோடு ஓடிய பழைய கேசட்டும் போயிருக்கும், புது கேசட் அந்தச் செயினை ஏற்றுக்கொள்ளாது.

செயின் அசையாமல் இருக்க, பெடல் மட்டும் திடீரென்று காலுக்கடியில் நழுவினால் அது வேறு சங்கதி. ஃப்ரீஹப்புக்குள் பல்லைப் பிடிக்கிற நாக்குகள் பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டு எழும்பாமல் இருக்கின்றன. அதைச் சுத்தம் செய்கிற வரை நின்றுகொண்டு மிதிக்காதீர்கள். உள்ளே கெட்டி கிரீஸ் அடைப்பதும் கூடாது, இளகிய எண்ணெய் போதும்.

"பெரிய தட்டுல டீரெயிலர் உரசுது"

டீரெயிலரின் பின்னால் இருக்கிற, அதைத் தட்டிலிருந்து தள்ளிவைக்கிற பி-ஸ்க்ரூவை உள்ளே திருகுங்கள். ஆமாம், இந்த ஒரு இடத்தில் ஸ்க்ரூதான் பதில். முழுக்கத் திருகியும் உரசினால் அந்த டீரெயிலருக்கு அவ்வளவு பெரிய தட்டு ஆகாது. செயின் நீளத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். டீரெயிலருக்குள் விடாமல் முன்னாலும் பின்னாலும் பெரிய தட்டுகளின் மேல் செயினைச் சுற்றி, சந்திக்கிற இடத்திலிருந்து ஒரு அங்குலம் கூட்டி வெட்டுங்கள்.

"சின்னத் தட்டுல செயின் ஃப்ரேமை ராவுது"

வலப்பக்க ஆக்சிலில் 1 மி.மீ. வாஷர் ஒன்று சேருங்கள். ரிம் அரை மில்லி இடப்பக்கம் நகரும். பிரேக் கட்டை உரசினால் ஸ்போக்கைத் தொட வேண்டும், உரசாவிட்டால் விட்டுவிடுங்கள்.